கையே அறிவு வாயிலாக: ஹெலன் கெல்லர் அம்மையார்

மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தினையும் அறிவின் வாயில்கள் என நம் முன்னோர் வகுத்தனர். இவற்றுட் கண்ணும் செவியுமே தலைமை வாய்ந்தன என்பது பலர் கருத்து. கல்வி என நாம் வழங்குவதெல்லாம் வாசிப்பாலும் கேள்வியாலும் வருவதன்றோ? கையைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலரே. தத்துவங்களை எண்ணுமிடத்தும், கையானது கன்மேந்திரியங்களுள் ஒன்றாக, கொடுத்தலும் கொள்ளுதலுமாகிய தொழில் புரியும் கருவியாக வைக்கப்பட்டதேயன்றி, அறியுங் கருவியாக வைக்கப்படவில்லை. ஆயினும், கண்ணும் செவியும் ஒருங்கே அடைபட்ட ஒருவர், கையொன்றையே வாயிலாகக் கொண்டு மொழி பயின்று, கல்லூரிப் பட்டம் பெற்று, நூல்கள் பல இயற்றி, உலகின் நாடுகள் பலவற்றைச் சுற்றி, 87 ஆண்டுகள் வாழ்ந்து மறைந்தார். அவரே ஹெலன் கெல்லர் அம்மையார்.

அம்மையாரின் பெயரை அறியாத மாணவர் அரியர். விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகக் கீழ்வகுப்புப் பாடநூல்களிலும் அவர் வரலாறு இடம்பெறுவதுண்டு. நாம் அவ்வழியே செல்லப் புகவில்லை. அவர் வாழ்விலிருந்து இரண்டு வினாக்கள் எழுகின்றன. மொழி வாராமுன் ஒருவர்க்கு எண்ணம் உண்டோ என்பது ஒன்று. பிறர் கையினின்று தன் கைக்கு வந்த சொற்களாலே ஒருவர் எண்ணுவாராயின், அவ்வெண்ணம் அவருடையதாகுமோ என்பது மற்றொன்று. இவ்விரண்டும் அவர் உயிரோடிருந்த காலத்தே அவர் முகத்துக்கு நேரே கேட்கப்பட்டன. எப்போதும் அன்போடு கேட்கப்பட்டன என்று சொல்வதற்கில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் தென்பாகத்தில், அலபாமா மாகாணத்து ரஸ்கம்பியா என்னும் சிற்றூரில், 1880ஆம் ஆண்டு யூன் மாதம் 27ஆந் திகதி ஹெலன் பிறந்தாள். தந்தையார் ஆதர் கெல்லர் உள்நாட்டுப் போரிலே தென்னாட்டுப் படையில் அதிகாரியாயிருந்தவர். பின்னர்ப் பத்திரிகை ஆசிரியராய் இருந்தார். பத்தொன்பதாம் மாதத்தில், 1882 பெப்ரவரியில், குழந்தையைக் கொடிய காய்ச்சல் ஒன்று பற்றியது. மூளைக்கும் வயிற்றுக்கும் இரத்தம் பெருகியது என்பதே அக்காலத்து வைத்தியர் கூற்று. காய்ச்சல் விட்டகன்றது, ஆனால் பார்வையும் கேள்வியும் மீளவில்லை. அதற்குமுன் கற்ற மழலைச் சொற்களுள் நீரைக் குறிக்கும் ஒரு சொல் மட்டும், உருச்சிதைந்த ஓரொலியாய், அவள் வாயில் நெடுநாள் நின்றது. தன் செவியிற் படாத ஓர் ஒலியை அவளுடைய நாவும் உதடும் ஐந்தாண்டு காலம் நினைவில் வைத்திருந்தன என்பது சிந்திக்கத்தக்கது.

இருளிலும் அமைதியிலும் இருந்த அக்குழந்தை வாளா இருந்திலள். தாயின் ஆடையைப் பற்றிக்கொண்டு வீடெங்கும் திரிந்தாள். பொருள்களைக் கையால் தடவியும் பிறர் செய்யும் தொழில்களைத் தொட்டறிந்தும் தனக்கெனச் சைகைகளை ஆக்கிக்கொண்டாள். தலையசைத்தால் வேண்டாம், தன்பால் இழுத்தால் வா, தள்ளினால் போ. பாண் வேண்டுமெனின் துண்டாக வெட்டி வெண்ணெய் பூசுதல் போலக் கையை அசைப்பாள். ஐஸ்கிறீம் வேண்டுமெனின் அதனைக் கடையும் பொறியின் கைபிடியைச் சுழற்றுதல் போலக் காட்டிக் குளிரால் நடுங்குவாள். சமையற்காரியின் மகளான ஒரு கறுப்பினச் சிறுமியே அவளுக்கு உற்ற தோழி. புல்லிடையே கோழிமுட்டை தேடப் போவோம் என்பதற்கு இரு கைகளையும் குவித்து நிலத்தில் வைத்துக் காட்டுவாள். தோழி உடனே விளங்கிக்கொள்வாள். ஏழு வயதெய்துமுன் இத்தகைய சைகைகள் 60 வரையில் இருந்தன என்பர்.

பிற்காலத்தில் அம்மையார் இந்நாள்களை நினைவுகூர்ந்து எழுதியபோது, அக்காலத்தே தமக்கு எண்ணம் என்று ஒன்று இருக்கவேயில்லை, தாம் இருப்பதையே தாம் அறிந்திலர் என்னுங் கருத்துப்பட எழுதினார். ஐஸ்கிறீமை விரும்பியபோது நாவில் அதன் சுவையும் கையில் அப்பொறி சுழலும் உணர்ச்சியும் தோன்றின. கை தானாகவே அசைந்தது. விருப்பம் எழுந்த இடம் விரல்களே என்பது அவர் தந்த விளக்கம். உடலுணர்வும் கைக்குறியும் எண்ணமும் பிரிவின்றி ஒன்றாய்க் கிடந்த அந்நிலையை உள்ளிருந்து கண்டு சொன்னவர் வேறெவருமிலர் எனலாம். ஆயினும், எண்ணமே இல்லை என்று அவர் கூறியதை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. ஒருநாள் அவள் தாயைக் களஞ்சிய அறையினுள் வைத்துப் பூட்டிவிட்டு, வெளிப் படியில் அமர்ந்து, தாய் கதவைத் தட்டும் அதிர்ச்சியைத் தன் உடலால் உணர்ந்து சிரித்தாள். இது திட்டமிட்டுச் செய்த குறும்பன்றி வேறென்ன? எண்ணம் இருந்தது, அதனை நிறுத்தி வைத்துத் திரும்பிப் பார்ப்பதற்கு ஒரு பிடிப்பு இல்லை என்பதே பொருத்தமாகும்.

பிறர் தன்னைப்போலச் சைகை செய்வதில்லை, வாயை அசைக்கின்றனர் என்பதையும் அவள் கண்டுகொண்டாள். இருவர் பேசுமிடையே நின்று அவர்தம் உதடுகளைத் தொட்டுப் பார்ப்பாள். தானும் உதட்டை அசைப்பாள், பயன் விளையாது. அப்போது மூளும் சினத்தால் உதைத்தும் அலறியும் சோர்ந்து வீழ்வாள். வயது ஏற ஏற இவ்வெழுச்சிகள் பெருகி நாடோறும் நிகழலாயின.

தாயார் ஒரு நூலைப் படித்திருந்தார். ஆங்கில நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கன்ஸ் 1842இல் வெளியிட்ட அமெரிக்கப் பயண நூலே அது. பொஸ்ரன் நகரத்துப் பேர்கின்ஸ் விழிப்புலனற்றோர் பாடசாலையிலே கண்ணும் செவியும் இழந்த லோரா பிரிட்ஜ்மன் என்னும் பெண்ணுக்கு வைத்தியர் ஹௌ என்பவர் மொழி கற்பித்த செய்தி அந்நூலில் உண்டு. 1886இல் பெற்றோர் ஹெலனை அழைத்துக்கொண்டு பால்ரிமோர் நகரத்துக் கண் வைத்தியரிடம் சென்றனர். அவர் வாஷிங்ரனிலிருந்த அலெக்சாந்தர் கிரகம் பெல்லிடம் அனுப்பினார். தொலைபேசியைக் கண்டவர் என்றே பெல்லை உலகம் அறியும். ஆயின் அவர் வாழ்நாள் முயற்சி செவிப்புலனற்றோர் கல்வியே. அவருடைய தாயாரும் மனைவியாரும் செவிப்புலன் அற்றவர்கள். பெல்லின் சொற்படி பேர்கின்ஸ் பாடசாலைக்கு எழுதப்பட்டது. அதன் அதிபர் அனக்னோஸ் ஓர் ஆசிரியையைத் தெரிந்தனுப்பினார்.

ஆன் சலிவன் 1887 மார்ச் 3ஆந் திகதி ரஸ்கம்பியா வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 20. அயர்லாந்திலிருந்து குடியேறிய ஏழைகளின் மகள். இளமையிலே கண்ணோயால் பார்வை மங்கப்பெற்றவர். தாயை இழந்து தம்பியோடு அனாதை விடுதியிற் சேர்க்கப்பட்டு, அங்கே தம்பியையும் பறிகொடுத்தவர். பேர்கின்ஸ் பாடசாலையிற் பயின்ற காலத்திலே, அங்கு முதுமையுற்று வாழ்ந்த லோராவோடு விரல்களாற் பேசிப் பழகினார். ஹெலனுக்கென அவர் கொண்டுவந்த பொம்மை அப்பாடசாலைப் பிள்ளைகள் அனுப்பியது; அதன் உடை லோராவின் கைத்தையல்.

இவ்விரலெழுத்தைப் பற்றிச் சிறிது சொல்லுதல் வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒருகை விரல்களை ஒவ்வொரு வகையாக மடக்கியும் நீட்டியும் காட்டும் முறை ஸ்பெயின் நாட்டுத் துறவியரிடையே தோன்றியது. 1620இல் யுவான் பப்லோ பொனே என்பவர் மத்ரித் நகரில் அச்சிட்ட நூலில் அதன் படங்கள் உள்ளன. பிரான்சு வழியாக அது அமெரிக்கா சென்றது. கண்ணுடையார் அதனைக் கண்டு படிப்பர்; லோரா, ஹெலன் போன்றோர் பேசுவோரின் கைமேற் கை வைத்து, விரல் கொள்ளும் வடிவைத் தொட்டுணர்வர். நம் நாட்டிலே விசயதசமியன்று குழந்தையின் விரலைப் பற்றி அரிசியில் அகரம் எழுதுவித்து ஏடு தொடக்குகிறோம். அங்கே விரல் முதலில் அறிகிறது. கண் பின்னர் அறிகிறது. ஹெலனுக்கோ அவ்விரல் அறிவே முதலும் முடிவுமாயிற்று.

முதல் நாளிலேயே சலிவன் பொம்மையை அவள் கையிற் கொடுத்து, அதன் பெயரை மற்றக் கையில் எழுதினார். சிறுமி அதனை விளையாட்டாகப் பாவித்துத் திருப்பிக் காட்டினாள். எழுத்து, சொல் என்பன உலகில் உண்டென்பதையே அவள் அறியாள்; குரங்கு பாவனை செய்வது போன்றதே அது. மார்ச் மாதம் முடியுமுன் 18 பெயர்ச்சொற்களும் 3 வினைச்சொற்களும் அவள் விரல்களுக்குத் தெரிந்திருந்தன. இடையிலே உணவு மேசையிற் போர். பின்னர், பெற்றோரின் தலையீடு இன்றித் தோட்டத்துச் சிறுவீட்டிற் சில நாள் இருவரும் தனித்து வாழ்ந்தமை. இவையெல்லாம் நாடகமாகவும் படமாகவும் பலரும் கண்டவை. நம் நோக்குக்கு வேண்டுவது ஒன்றே. கோப்பை, பால், குடித்தல் ஆகிய மூன்றும் அவளுக்குக் குழம்பின. கோப்பை என்று எழுதிக்கொண்டே குடிக்கும் சைகை செய்வாள். அவளைப் பொறுத்தவரை கோப்பையைப் பற்றுதலும் அதிலுள்ளதைப் பருகுதலும் ஒரே நிகழ்ச்சி. உடலுணர்விலே அது பிரிபடாதது. சொல் வந்துதான் அதனைப் பிரிக்க வேண்டியிருந்தது.

அது நிகழ்ந்த நாள் 1887 ஏப்பிரல் 5. சலிவன் அவளை நீர்ப்பம்பியண்டை அழைத்துச் சென்று, கோப்பையைக் குழாயின் கீழ்ப் பிடிக்கச் செய்து, குளிர்ந்த நீர் பெருகி அவள் ஒரு கைமேல் ஓட, மற்றக் கையில் நீர் என்னும் சொல்லை எழுதினார். கோப்பை அவள் கையினின்று நழுவி வீழ்ந்தது. அசையாது நின்றாள், முகத்தில் ஓர் ஒளி படர்ந்தது. உடனே நிலத்தைத் தொட்டு அதன் பெயரைக் கேட்டாள், பம்பியைத் தொட்டாள், கொடிப்பந்தரைத் தொட்டாள், பின் திரும்பி ஆசிரியையைக் காட்டிக் கேட்டாள். அன்று மாலைக்குள் 30 சொற்கள் வரையிற் கற்றாள். அன்று காலையில் புதிய பொம்மையைச் சினத்தால் நிலத்தில் எறிந்து உடைத்திருந்தாள். அப்போது வருத்தம் ஏதும் தோன்றவில்லை. பம்பியடியிலிருந்து மீண்டதும் உடைந்த துண்டுகளைத் தேடி எடுத்துப் பொருத்த முயன்று, இயலாமையாற் கண்ணீர் விட்டாள். செய்த செயலொன்றைத் திரும்பி நோக்கி வருந்தியது அதுவே முதன்முறை.

இந்நிகழ்ச்சியை மந்திரத்தால் மாங்காய் விழுந்ததுபோற் கூறுவோர் பலர். அது பொருந்தாது. ஒரு மாத காலம் விரல்கள் பயின்றிருந்தன. அதற்குமுன் ஐந்தாண்டுகளாய்க் கைகள் தம் சைகைகளை வளர்த்திருந்தன. நீரைக் குறிக்கும் மழலையொலி வாயில் உயிரோடிருந்தது. இவையெல்லாம் இல்லாத ஒரு குழந்தையின் கையில் எத்துணை நீரைப் பெய்தாலும் சொல் பிறந்திராது என்பது எம் கருத்து. ஆனால் ஒன்று புதிதாய் நிகழ்ந்தது உண்மை. சைகை வேண்டியதைப் பெறுவதற்கே உதவியது. பெயரோ வேண்டாதபோதும், எதிரில் இல்லாதபோதும், ஒன்றை நினைக்க உதவியது.

சைவநூற் பயிற்சியுடையார்க்கு இங்கே ஒரு நினைவு எழாமற் போகாது. காட்சியறிவை நிருவிகற்பம் எனவும் சவிகற்பம் எனவும் நம் அளவை நூலார் இரண்டாக வகுப்பர். ஒரு பொருள் உண்டு என்ற அளவில் நிற்பது முன்னையது. பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தோடுங் கூடி இன்னது எனத் தெளிவது பின்னையது. பெயரை முதலில் வைத்தமை காரணமின்றியன்று. ஏப்பிரல் 5இல் ஹெலன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடந்தாள் என்னலாம். ஆனால் வைகரி முதலான வாக்குக்களைப் பேசும்போது நம் நூல்கள் செவிக்குப் புலனாகும் ஓசையையே கருதுகின்றன. ஓசையே இல்லாத ஒருத்திக்கு வாக்கு உள்ளங்கையிற் பிறந்தது. இதற்கு இடங்கொடுக்குமாறு அப்பகுப்பை விரித்துரைத்தல் தத்துவம் கற்கும் நம் மாணவர்க்கு நல்லதொரு வேலையாகும்.

காணத்தக்க பொருள்களுக்குப் பெயர் வைத்தல் எளிது. கைக்கு அகப்படாதவற்றை எவ்வாறு உணர்த்துவது? ஒருநாள் ஹெலன் பலவகை மணிகளை ஒழுங்குபடக் கோத்துக்கொண்டிருந்தாள். பிழை நேர்ந்தது. அடுத்து எப்படிக் கோப்பது என அவள் தயங்கியபொழுது சலிவன் அவள் நெற்றியைத் தொட்டு, நினை என்னும் சொல்லை அழுத்தமாய் எழுதினார். தன் தலையினுள் அக்கணம் நிகழ்ந்துகொண்டிருந்ததற்கே அது பெயர் என்று அவள் உணர்ந்தாள். அன்பு என்றால் என்ன என்று அதற்கு முன்பே கேட்டிருந்தாள். பூவின் மணமோ, வெயிலின் வெம்மையோ என்று வினவிச் சலித்திருந்தாள். மேகத்தைத் தொட இயலாது, மழையைத் தொடலாம். அன்பும் அத்தகையது என்று ஆசிரியை உரைத்தபின் அதுவும் விளங்கிற்று. சலிவனுடைய முறை எளிமையானது. பதினைந்து மாதக் குழந்தையொன்றை உற்று நோக்கிய அவர், சொற்களை ஒவ்வொன்றாய்ப் புகட்டுவதை விட்டு, வீட்டிலே தாய் குழந்தையின் காதில் ஓயாது பேசுவதுபோல, முழு வாக்கியங்களாகவே அவள் கையில் ஓயாது பேசினார். அக்காலப் பயிற்சி நூல்கள் இதற்கு மாறாகக் கூறின.

அம்மையார் தனித்திருந்து சிந்திக்கும்போது விரல்கள் தாமே எழுத்துக்களை ஆக்கிக்கொண்டிருக்கும். தாழ்வாரத்தில் உலாவுகையில் அவர் கைகள் விரைந்து இயங்குவதைப் பலரும் கண்டனர். வளர்ந்தபின் இப்பழக்கத்தை ஒருவாறு அடக்கிக்கொண்டார். லோராவும் உறக்கத்தில் விரல்களால் முணுமுணுத்தாள் என்று ஹௌ குறித்துள்ளார். நாம் மனத்துள் பேசும்போது நாவின் நுனி அசைவதற்கு இது நிகர். கை பேச்சுக்கு வெறும் அலங்காரமன்று என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. பிறவியிலேயே பார்வையற்றவர்கள், தம்மைப்போன்ற பார்வையற்றவரோடு பேசும்போதும், கைகளை அசைத்தே பேசுகின்றனர் என்பது 1998இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்றின் முடிபு. பிறர் காண்பதற்காக அன்று, தம் எண்ணம் நடப்பதற்காகவே கை அசைகிறது போலும்.

1890இல் ஹெலன் வாயாற் பேசவும் முயன்றாள். நோர்வே நாட்டிலே தன்னைப் போன்ற பெண்ணொருத்தி பேசக் கற்றாள் என்ற செய்தி அதற்குக் காரணம். பொஸ்ரனில் சாரா புல்லர் என்னும் ஆசிரியை, தம் முகத்தில் அவள் கையை வைத்து, ஒலிக்குந்தோறும் நாவும் உதடும் நிற்கும் நிலையை உணரச் செய்து, 11 பாடங்கள் கற்பித்தார். பேச்சு வந்தது, தெளிவு வரவில்லை. பழகியவர்க்கன்றி விளங்காத தம் குரலைப் பற்றி அம்மையார் இறுதிவரை குறைப்பட்டார்.

நாம் முன்னர்ச் சொன்ன இரண்டாம் வினா 1892இல் இடிபோல் வந்து விழுந்தது. முந்திய ஆண்டு, தன் பதினோராம் வயதில், பனியரசனைப் பற்றி ஒரு கதை எழுதி, அனக்னோஸ் அதிபருக்குப் பிறந்தநாட் பரிசாக அனுப்பியிருந்தாள். அவர் மகிழ்ந்து அச்சேற்றினார். சின்னாளில், மார்கரெட் கான்பி என்னும் எழுத்தாளர் பல ஆண்டுகளுக்கு முன் வெளியிட்ட கதையொன்றோடு அது சொல்லும் பொருளும் ஒத்திருப்பது வெளிப்பட்டது. 1888இல் கடற்கரையூர் ஒன்றிலே தங்கியிருந்தபோது, சலிவன் இல்லாத வேளையில், வேறொருவர் அந்நூலை அவள் கையிற் படித்துக் காட்டியிருந்தார். மூன்றாண்டு கழிந்து அது மீண்டெழுந்தபோது, தன் உள்ளத்திலே தோன்றியது என்றே அவள் நம்பினாள். எட்டுப் பேர் கொண்ட குழுவொன்று, ஆசிரியையை வெளியே நிறுத்திவிட்டு, அச்சிறுமியைத் தனியே வைத்து நெடுநேரம் விசாரித்தது. நால்வர் குற்றம் என்றனர். நால்வர் இல்லை என்றனர். அதிபர் தம் வாக்கை அவள் பக்கம் இட்டார். ஆயினும் அவர் மனம் பின்னர் மாறிற்று. கான்பி அம்மையாரோ சினங்கொள்ளவில்லை. ஆறுதல் கூறி எழுதினார். அதன்பின் நெடுங்காலம், தாய்க்குக் கடிதம் எழுதும்போதும் ஓர் அச்சம் ஹெலனைத் திடீரெனப் பற்றும். வாக்கியம் தன்னுடையதோ, எங்கோ விரல்வழி வந்ததோ என்று கையை நிறுத்திவிடுவாள். ஒரு குழந்தையை இந்நிலைக்கு உள்ளாக்கிய அவ்விசாரணையைப் பின்னாளில் வாசித்த மார்க் ருவெயின் கடுஞ்சினங் கொண்டார். உலகிலுள்ள கருத்துக்களெல்லாம் இரவல்தாமே என்பது அவர் துணிபு.

1900இல் இராட்கிளிஃப் கல்லூரியிற் சேர்ந்தார். விரிவுரை மண்டபத்திற் சலிவன் பக்கத்தே அமர்ந்து, பேராசிரியர் கூறுவதை அவர் கையில் எழுதிக்கொண்டிருப்பார். மற்ற மாணவியர் குறிப்பெடுப்பர்; அம்மையாரால் இயலாது. கைகள் கேட்டுக்கொண்டிருக்கும்போது எழுதுவது எவ்வாறு? வீடு திரும்பியபின் நினைவிலிருந்தே குறித்துக்கொள்வார். 1904இற் சிறப்போடு பட்டம் பெற்றார். கண்ணும் செவியும் இல்லாது இப்பட்டம் பெற்றவருள் அவரே முதல்வர்.

மாணவியாயிருந்த காலத்தே, 1903இல், அவர் தன்வரலாற்று நூல் வெளிவந்தது. புகழோடு பழியும் வந்தது. நிறங்களையும் நிலவையும் பாடும் இவருக்கு அவை எப்படித் தெரியும். யாவும் கேள்வியறிவே, வெறுஞ்சொல்லே என்றனர் சிலர். பார்வையற்ற அறிஞரிடையேயும் இப்பழி எழுந்தது என்பது குறிக்கத்தக்கது. பிரெஞ்சுப் பேராசிரியர் பியேர் விலே, 1933இல் நூல் எழுதிய அமெரிக்க உளநூலார் தோமஸ் கட்ஸ்போத் இருவரும், தம் மெய்யுணர்வுக்கு உண்மையாயிராது கண்ணுடையார் சொல்லை இரவல் வாங்கினார் என்று அவரைக் குறைகூறினர். இதில் ஓரளவு உண்மையும் உண்டு; தன்வரலாற்றின் சில பக்கங்களிற் பூவும் ஒளியும் மிகைபடக் கிடக்கின்றன. ஆனால் கயிலையைக் கண்ணாற் கண்டா நம் புலவரெல்லாம் பாடினர்? பாற்கடலை யார் அளந்தார்? நாமனைவரும் அறிந்தவற்றுட் பெரும்பகுதி பிறர் சொல்லால் வந்ததே. அம்மையாரிடம் அது பிறர் கையால் வந்தது என்பதொன்றே வேறுபாடு.

அவர் விடை 1908இல் நூலாக வந்தது. தாம் வாழும் உலகத்தைப் பற்றிய அந்நூலே அவர் எழுதியவற்றுள் தலைசிறந்தது என்பது எம் மதிப்பீடு. அதனை வாசிப்போர் தன்வரலாற்றை வாசிப்போரினும் மிகக் குறைவு. நிறத்தைவிட்டுக் கைக்குத் திரும்புகிறார் அங்கே. கைகுலுக்கும் கைகளின் வேறுபாடுகள். அடிச்சுவட்டின் அதிர்ச்சியால் வருபவரின் வயதும் மனநிலையும் அறிதல். மணத்தால் வீட்டையும் தொழிலையும் அறிதல். தொட்ட பொருளின் பகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாய்க் கூட்டி முழுமை காணுதல். இவற்றை ஒரு விஞ்ஞானியின் பொறுமையோடு விவரிக்கிறார். சைகைக் காலத்தைப் பற்றி நாம் மேலே குறித்தவையும் அந்நூலிலேயே உள்ளன. தொட்டறிந்த வெம்மையிலிருந்து அன்பின் வெம்மையையும், கல்லின் வன்மையிலிருந்து மனத்தின் வன்மையையும் தாம் அறிந்ததாகக் காட்டுகிறார். நம் மொழியும் அவ்வாறன்றோ? கடுமை, மென்மை, கனிவு, பளு என மனநிலைக்கு நாம் வழங்கும் சொற்கள் பல கையும் நாவும் தந்தவை.

இந்நூற் பொருள் அவர் வாழ்வில் இறுதிவரை விளங்கிற்று. 1924இல் வானொலிப் பெட்டியின் அதிரும் தகட்டில் விரல் வைத்து, பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பனியை உணர்ந்தார். மார்தா கிரகம் அம்மையாரின் நடனசாலைக்குச் சென்றபோது, குதித்தல் என்றால் என்ன என்று கேட்டார். மேர்ஸ் கனிங்ஹம் என்னும் ஆடலரின் இடையில் அவர் கைகளை வைத்து, அவ்விளைஞரைக் குதிக்கச் செய்தனர். கைகளும் உடன் எழுந்து தாழ்ந்தன. 1955இல் இந்தியா சென்றபோது நேருவின் முகத்தைக் கையால் தடவிக் கண்டார்.

ஒன்றை மட்டும் மறைத்தல் தகாது. அம்மையாரின் விரலெழுத்து ஆங்கிலத்தைக் கையில் எழுதும் முறையேயன்றி, செவிப்புலனற்றோரிடையே இயல்பாய் வளர்ந்த சைகைமொழியன்று. அவர் பிறந்த 1880ஆம் ஆண்டிலேயே இத்தாலி நாட்டு மிலான் நகரிற் கூடிய ஆசிரியர் மாநாடு, பாடசாலைகளிற் சைகையை விலக்கி வாய்ப்பேச்சையே கற்பிக்கத் தீர்மானித்தது. பெல்லும் அக்கட்சியினரே. கல்லால நிழலிற் கைக்குறியால் மெய்ப்பொருள் உணர்த்திய குருமூர்த்தியை வணங்கும் நமக்கு, சைகை கல்விக்கு ஆகாது என்ற அத்தீர்ப்பு வியப்பையே தருகிறது. சைகைமொழிக்கும் இலக்கணக் கட்டமைப்பு உண்டு என்பதை அமெரிக்காவில் வில்லியம் ஸ்ரோக்கோ 1960இல் நிறுவினார். அப்போது அம்மையாருக்கு வயது 80. 2007 முதல் சியாற்றில் நகரத்திலே கண்ணும் செவியும் இல்லாதோர் பிறர் மொழியை எழுதிக்கொள்ளாது, தோளிலும் கையிலும் தொடையிலும் தொட்டே பேசும் தனிமொழியொன்றைத் தம்மிடையே வளர்த்து வருகின்றனர். இத்தகைய தோழர் குழாம் ஒன்று ரஸ்கம்பியாச் சிறுமிக்கு வாய்த்திருந்தால் அவள் சைகைகள் எங்கு சென்றிருக்கும் என்று எண்ணாதிருக்க இயலவில்லை.

சலிவன் அம்மையார் 1936 ஒக்டோபரில் காலமானார். 49 ஆண்டுகள் ஒருகை மற்றொரு கையை விட்டுப் பிரியவில்லை. இறுதிநாள்களில் அவர் பார்வையும் முற்றாய் அற்றது. அதன்பின் 1914 முதல் உடனிருந்த பொலி தொம்சன் அக்கையின் இடத்தை ஏற்றார். அவரோடு யப்பானுக்கும் ஆசியா, ஆபிரிக்கா, ஐரோப்பா முதலிய கண்டங்களின் நாடுகளுக்கும் சென்று, விழிப்புலனற்றோர் கல்விக்காக உழைத்தார். தொம்சன் 1960இல் மறைந்தார். அடுத்த ஆண்டு நோய் தாக்கியபின் அம்மையார் பொதுமேடைகளை விட்டு நீங்கி, கனெற்றிக்கட் மாகாணத்து இல்லத்திலே தங்கினார். 1968 யூன் 1ஆந் திகதி உறக்கத்தில் உயிர் பிரிந்தது. வாஷிங்ரன் தேசியப் பேராலயத்தில் மூவர் சாம்பலும் ஒருங்கே வைக்கப்பட்டுள்ளன. அங்குள்ள வெண்கலத் தகட்டில் ஹெலன், சலிவன் இருவரின் பெயர்கள் பிரெயில் எழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன.